ஐந்தாவது மாடு

இரும்புலியூரில் கங்கையம்மாளின் மாட்டுக் கொட்டகை அவள் மாமனார் காலத்திலிருந்தே இருந்தது. சுற்றிலும் காலனி முளைத்தது எண்பத்தாறுக்கு அப்புறம்தான். யார் முதலில் வந்தது என்று கேட்டால் மாடுகள்தான். ஆனால் நகராட்சி ஆபீஸில் மாட்டை யார் கேட்கிறார்கள்? அவர்கள் பார்ப்பது வரைபடத்தை. அதில் அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. அங்கே நாலு மாடு வரை கட்டியிருந்தால் அது வீட்டு உபயோகம். ஐந்தாவது வந்து நின்றால் பால் பண்ணை. பால் பண்ணை தொழில். தொழிலுக்கு மஞ்சளில் இடமில்லை.

கங்கையம்மாளிடம் இருந்தது ஐந்து. புருஷன் போய் ஆறு வருஷமாக அந்த ஐந்தும்தான் அவளுக்குச் சோறு போட்டன.

மனு போட்டவர் பின்வீட்டு யக்ஞநாராயணன், ரிடயர்டு கிளார்க். சாண நாற்றம், கொசு என்று இரண்டு பக்கம் டைப் அடித்திருந்தார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, மழைக்காலத்தில் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறக்கவே முடியாது. ஆனாலும் மனுஷர் அந்த மாட்டுப் பாலில் காபி குடித்துவிட்டுத்தானே உட்கார்ந்து டைப் அடித்தார்! அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆபீஸர் ஸ்ரீநிவாசராகவன் மாடுகளை எண்ண வருகிறார் என்று தெரிந்ததுமே கங்கையம்மாள் நிறைசினையாய் இருந்த செவலையைச் செம்பாக்கத்துக்கு, தம்பி துளசிங்கம் வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். வந்தவர் எண்ணினார். நாலு. நிறம், கொம்பு, சினை இல்லை என்று ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டார். 'இவை தவிர எனக்கு வேறு மாடு இல்லை' என்ற தாளில் அவள் கைநாட்டையும் வாங்கிக்கொண்டு போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

பத்தாம் நாள் செவலை கன்று போட்டது. காளைக்கன்று. கங்கையம்மாள் ஓடிப்போய்ச் சீம்பாலைக் கறந்து தூக்கில் கொண்டுவந்தாள். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துத் துண்டு போட்டாள். கூட வந்திருந்த துளசிங்கம் வாசலை மறித்து நின்றான்.

"யக்கா, காலனிக்கா குடுக்கப் போற? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"மாடு கன்னு போட்டா நாலு வூட்டுக்குக் குடுக்கணும்டா. குடுக்காத துன்னா மடி மரத்துப் பூடும்."

"அந்தப் பெர்சு கேட்டா இன்னா சொல்லுவ?"

"சீம்பால் துன்னுகினே எவனாவது கேள்வி கேப்பானா? போடா!"

கேட்டார். கேட்காமல் இருப்பாரா! அவர் மனைவி நாகலக்ஷ்மி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் இரண்டு துண்டு தின்று, மூன்றாவதற்குக் கை நீட்டியபோதுதான் யோசித்தார். நாலில் ஒன்றும் சினை இல்லை என்று எழுதின ரிப்போர்ட்டின் நகல் அவர் பீரோவில் இருந்தது. அப்படியானால் சீம்பால் எங்கிருந்து வந்தது? மூன்றாவது துண்டையும் தின்றுவிட்டு டைப்ரைட்டரைத் திறந்தார், பாவி மனுஷன்.

ஸ்ரீநிவாசராகவன் திரும்ப வந்தபோது முகம் கொடுத்தே பேசவில்லை. "பொய் எழுதிக் கொடுத்திருக்கீங்க. பொய்க் கையெழுத்துக்கு அப்புறம் அந்த நாலுக்கும் அனுமதி கிடையாது. ஏழு நாள் டயம். அஞ்சும் போகணும்."

"செவலைய வித்துர்றேன் சார். நாலு மட்டும் வச்சிக்கிறேன். உங்க கால்ல வுயறேன்."

"நான் என்னம்மா பண்றது? கைநாட்டு உங்களோடது."

அன்று மத்தியானம் நாகலக்ஷ்மி சுவரோரம் வந்து நின்று அழுதாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன் கங்கையம்மா. அவர் கேக்கலை."

"இனிப்பு போதுமா இருந்திச்சா மாமி?" என்று மட்டும் கேட்டாள் கங்கையம்மாள்.

ஐந்தாம் நாள் தரகன் தேவானந்தம் வந்தான். கெடு வைத்திருப்பது தெரிந்தவன் எப்படி விலை கேட்பான்? அடிமாட்டு விலைதான். துளசிங்கம் கன்றோடு ஓட்டிவந்த செவலையையும் சேர்த்து ஐந்தையும் லாரியில் ஏற்றினான். கன்றை மட்டும் தள்ளிவிட்டான்.

"காளைக்கன்னு எனக்கு எதுக்குக்கா? பால் எறங்க ஊசி கீது."

தாய்க்காரி லாரியிலிருந்து கத்தினாள், இது கீழே நின்று கத்தியது. கங்கையம்மாள் கன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அவள் பால் பூத் வாசலில், இத்தனை நாள் தன்னிடம் பால் வாங்கினவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். பாக்கெட் பாலை வாங்கிவந்து, கன்றை மடியில் போட்டுக்கொண்டு சங்கால் புகட்டினாள். அதற்கு அந்தப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. கழிச்சல் கண்டது.

எட்டாம் நாள் ஸ்ரீநிவாசராகவன் சரிபார்க்க வந்தார். கொட்டகை காலி. மூலையில் சாக்கு போர்த்திக் கன்று கிடந்தது. அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் இல்லாத நிம்மதி அப்போது வந்தது.

"கன்னுக்குட்டி மாடுங்கற கணக்குல வராதும்மா. இதை நீங்க தாராளமா வச்சுக்கலாம்."

கங்கையம்மாள் சாக்கை விலக்கினாள். கன்று விடியற்காலையே விறைத்துப் போயிருந்தது.