மூன்றாவது தொட்டி

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டாம் முறையும் கீறல் விழுந்துவிட்டது. அதைக் கட்டிய, லம்பாசா நகரத்திலிருந்து வந்த கொத்தனார்தான் பக்கத்து ஊர்த் தொட்டியையும் கட்டினார். மணலும் சிமெண்டும் அதேதான். அங்கே ஒரு மயிரிழைக் கீறல்கூட இல்லை. தலைமையாசிரியை கெலேராவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இன்னும் ஒரு தொட்டிக்குத்தான் சிமெண்டு இருந்தது. அதுவும் போனால், விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் ஆற்றிலிருந்துதான் சுமக்க வேண்டும்.

சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீர் குடித்துத்தான் இறுகும். ஃபிஜி வெயிலில் முதல் ஏழு நாளும் காலை, மதியம், மாலை என்று நனைத்தாக வேண்டும். அதற்காகவே அவள் ஒரு பலகையில் கட்டம் போட்டு, ஊர்க்காரர்களை விருப்பப்பட்ட நாளில் பெயர் எழுதி, நனைத்ததும் அந்த வேளைக் கட்டத்தில் குறி போடச் சொல்லியிருந்தாள்.

இன்றுதான் அதை நிதானமாகப் பார்த்தாள். திங்கள், புதன், வியாழன் காவல்காரர் முறை. ஒரு வேளையும் தவறவில்லை. மற்ற நாட்களில்தான் காலிக் கட்டங்கள். பெயர் எழுதிய ஷஃபீக், பிசுன், இலாய்தியா மூவரையும் கூப்பிட்டாள்.

"ஷஃபீக் அண்ணே, வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க போனீங்க?"

"தொழுகைக்கு. இதென்ன கேள்வி டீச்சர்? காலையில, சாயங்காலம் ஊத்தினேனே."

"அப்புறம் எதுக்கு வெள்ளியில எழுதினீங்க?"

"நல்ல காரியத்த நல்ல நாள்ல செய்யலாம்னுதான்."

பிசுன் களுக்கென்று சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க! செவ்வாய் சாயங்காலம்?"

"ராமாயணம் படிக்கிற நாளாச்சே. டோலக் நான்தானே வாசிக்கணும்?"

"இலாய்தியா, உங்க சனிக்கிழமை மூணு வேளையும் காலி!"

"வெள்ளி பொழுது சாஞ்சா சனி பொழுது சாயறவரைக்கும் எங்க ஏழாம் நாள் சபைக்கு ஓய்வு நாள் டீச்சர். பள்ளிக்கூடம் கடவுள் காரியந்தானேன்னு எழுதிட்டேன். வாளியத் தூக்கினதும் மனசு கேக்கல."

"நல்லா இருக்கு! சாமி நாளாப் பாத்துப் பேர் எழுதிட்டு, சாமி கும்பிடப் போயிட்டீங்க!"

பிசுன் பலகையருகே குனிந்தார். "ஞாயித்துக்கிழமையும் மூணு வேளை காலியா இருக்கே. அது யாரு டீச்சர்?"

அவளுடைய கையெழுத்துத்தான். அன்று முழுக்க அவள் மெதடிஸ்ட் சர்ச்சில் இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்யக் கூடாதே" என்று முனகினாள்.

"வாளி தூக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் இலாய்தியா.

"சனிக்கிழமை உங்களுக்கு அது வேலைன்னா, ஞாயித்துக்கிழமை எனக்கும் வேலைதான்!"

சொன்ன வேகத்தில் அப்படியே நின்றாள். ஒருவருக்கு ஒரு மதியம், ஒருவருக்கு ஒரு மாலை, இருவருக்கு முழு நாள். நான்கும் வெவ்வேறு நேரம். ஒன்று மற்றொன்றின்மேல் விழவே இல்லை. உள்ளங்கையாலேயே பலகையில் இருந்த பெயர்களை அழித்தாள்.

மூன்றாவது தொட்டியில் கீறல் விழவில்லை. அவள் புதிதாக எழுதியது இவ்வளவுதான்: வெள்ளிக்குப் பிசுன், செவ்வாய்க்கு ஷஃபீக், சனிக்குக் கெலேரா, ஞாயிறுக்கு இலாய்தியா.