ஐந்தில் நின்ற திருகு

பதினோரு வருஷமாகச் சபைப் பாடகர் குழுவின் பியானோவில் கொடிகட்டிப் பறந்தவள் பெரியவள். வாரத்தில் ஐந்து நாள் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை, சனிக்கிழமையானால் பியானோ ஸ்டூல். அந்த ஸ்டூலில் இன்னொருத்தி உட்காருவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் சொந்த ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து முழுசாக ஆறு மாசம்கூட ஆகாதவள்.

பெரியவள் காய்ச்சலில் படுத்த மூன்று வாரமும் சின்னவள்தான் வாசித்தாள். நான்காம் வாரம் உடம்பு தேறிப் போனால், ஸ்டூலில் சின்னவளே உட்கார்ந்திருந்தாள். பெரியவளுக்குப் பின்வரிசை நாற்காலிதான் கிடைத்தது. அங்கிருந்து அவள் கண்ணில் முதலில் பட்டது பியானோ அல்ல, கணவரின் ஆம்ப்ளிஃபையர். அவர் குழுவில் அடிச்சுரம் போடும் பேஸ் கிட்டார் வாசிப்பவர். சத்தம் கூட்டும் திருகு ஐந்தில் நின்றது. பதினோரு வருஷத்தில் அது இரண்டைத் தாண்டியதே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பாட்டு நன்றாக இருந்தது. அதே பழைய பாட்டு, மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அடிக்கும் அதே கார்டுகள், ஆனால் கேட்கும்போது எழுந்து நிற்கத் தோன்றியது.

குழுத் தலைவர் ரிட்டையர்டு பஸ் டிரைவர். பெரியவள் முறையிட்டதும் அவர் பஞ்சாயத்தை ஒரே மூச்சில் முடித்தார். "வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் வாசிங்க, நல்லா வாசிக்கிறவங்களுக்கு ஸ்டூலு. என் சட்டம் தெரியும்ல? வண்டிய எடுத்தா நடுவுல நிக்கக் கூடாது. பாட்டை நிறுத்துறவங்க எறங்கிக்கணும்."

பெரியவள் அன்றே, பாட்டைப் பதிவு செய்கிறேன் என்று சொல்லி, ஃபோனைப் பியானோ ஓரம் சாய்த்து வைத்துச் சின்னவளின் விரல்களைப் படம் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டில் விரலுக்கு விரல் அப்படியே வைத்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. எந்தக் கார்டு என்றே சொல்ல முடியவில்லை. ஃபோனைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே விரலை மாற்றி வைத்திருக்கிறாள், கள்ளி, என்று முடிவு கட்டினாள். நான்கு நாள் உள்ளுக்குள் புகைந்துவிட்டு, வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு சின்னவள் வீட்டுப் படியேறினாள்.

சின்னவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எஃப் கார்டுங்கற, அதுல எஃப்பையே காணோம். எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதானே?"

"ஐயோ அக்கா, அந்த எஃப்பை அத்தான் வாசிக்கிறாருல்ல? அடியில அவரு இருக்கும்போது நான் எதுக்கு அதையே திரும்பவும் அடிக்கணும்? அவருக்கு இடம் விட்டுட்டு, மத்த சுரத்தை மேல பரப்பி வைக்கிறேன், அவ்வளவுதான்."

ரகசியம் எதுவும் இல்லை. அது ரகசியமாகவே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். என் புருஷனுக்கு இடம் விட இவள் யார் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பெரியவள் வீடு வந்து சேர்ந்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மறுநாளைக்கு யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா ஏன் ரெண்டுலயே வச்சிருந்தீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நீ இடது கையில அதே சுரத்தைப் போட்டு அடிப்ப. ரெண்டும் மோதி கசகசன்னு கேட்டுச்சு. யாராவது ஒருத்தர் அடங்கணும்ல? நான் அடங்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. ரெண்டு நாள் நீ எங்கிட்டப் பேசல."

மூன்று நாள். அது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, நாள் முழுவதும் இடது சுண்டுவிரலைத் தூக்கியபடியே வாசித்துப் பழகினாள். பழகிய விரல் லேசில் கேட்குமா? தானாகப் போய் அந்தக் கட்டையில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே தூக்கினாள்.

சனிக்கிழமை மதியம் முதலில் சின்னவள் வாசித்தாள். குறை சொல்லப் பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், ஒன்றும் அகப்படவில்லை. அடுத்து பெரியவள் உட்கார்ந்து, டிரைவர் தலையசைத்ததும் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

கார்டுக்கு அடியில் ஓட்டை. கணவரின் சுரம் பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல் வந்தது. பாடுகிறவர்கள் தடுமாறி அவளைப் பார்த்தார்கள். அவள் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தாள். பெரியவள் உட்கார்ந்தாலே குறைத்துப் பழகிய கணவரின் கை, குறைத்திருந்தது. இரண்டு.

சுண்டுவிரலை இறக்கினால் போதும். பாட்டு பிழைக்கும், ஸ்டூலும் மிஞ்சும். விரல் எஃப் கட்டைக்கு மேலே போய் நின்றது.

அவள் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். பாட்டு நின்றது. டிரைவர் தம் பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

பெரியவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, அவளுக்கு அஞ்சு, எனக்கு ரெண்டா?"

யாரும் சிரிக்கவில்லை. கணவர் காது சிவக்கக் குனிந்து திருகைத் திருப்பினார். சின்னவள் எட்டிப் பார்த்தாள், பெரியவளும் பார்த்தாள். ஐந்தைத் தாண்டி, ஆறில் நின்றது.

"எறங்கிக்கம்மா" என்றார் டிரைவர்.

"எறங்கிக்கிறேண்ணே. இந்தப் பாட்டை மட்டும் முடிச்சுக்கிறேன்."

அவள் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். கீழேயிருந்து அவருடைய எஃப் வந்தது.