ஓராண்டு வாய்ப்பூட்டு

நெசா என்கிற எங்கள் ஊர்ச் சந்தையில் பழுதான வீடியோ கேம் கருவிகளைச் சரிசெய்யும் எவோடியோவின் வாய் சும்மா இருந்ததை அந்த ஜூன் மாதம் வரைக்கும் ஒருவரும் பார்த்ததில்லை. கைக்கருவியின் குச்சி ஆடுகிறது, பொத்தான் ஒட்டுகிறது என்று ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வருவார்கள். வருவதென்னவோ அடுத்த மாதம் வரப்போகிற கேமைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கத்தான். கையில் திருப்புளி சுற்றும், வாய் அதைவிட வேகமாகச் சுற்றும். முன்னோட்டத்தில் மழை பெய்தால் தரையை ஒழுங்காக வரையவில்லை, அதை மறைக்கத்தான் மழை என்பான். தேதி சொல்லாத அறிவிப்பென்றால் தலையில் அடித்துக்கொள்வான். ஞாயிறு மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அதே பெஞ்சில் கேமராவை வைத்துப் பேசுவான். அதை இணையத்தில் பதினோராயிரம் பேர் கேட்டார்கள். பத்துக்கு ஆறு மதிப்பெண்ணைத் தாண்டி அவன் எந்தக் கேமுக்கும் கொடுத்ததில்லை.

அவன் வாய்விட்டுப் புகழ்ந்த கேம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கறுப்பு நங்கூரம். அதன் இரண்டாம் பாகம் ஒரு துறைமுகத்தில் முடியும். தங்கை இனெஸை விளக்கோடு கரையில் நிற்க வைத்துவிட்டு, "விளக்கைத் தாழ்த்தாதே, திரும்பி வந்துடுவேன்" என்று சொல்லி அண்ணன் படகேறிப் போவான். அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது. பதினாலு வருஷமாக மூன்றாம் பாகம் வரவில்லை. எவோடியோவுக்குக் கல்யாணம் ஆனது, முன்தலை வழுக்கையானது, கடை இரண்டு முறை இடம் மாறியது. அந்தப் பெண் மட்டும் அதே கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

பொறுமை தீர்ந்துபோய் அந்த வருஷம் அவன் ஒரு காரியம் செய்தான். எங்கள் ஊரில் குடியை விட முடியாதவர்கள் கோயிலுக்குப் போய், புனிதர் முன்னால் சத்தியம் செய்து ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார்கள். பெயர், எத்தனை நாள், கோயில் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். எவனாவது கிளாஸை நீட்டினால் சீட்டைக் காட்டினால் போதும், அதற்கு மேல் ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். எவோடியோவின் மைத்துனன் ஃபிடென்சியோ அப்படித்தான் எட்டு மாதமாகக் குடிக்காமல் இருந்தான். மனைவியின் அண்ணன், பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து பழுதான போன்களுக்கு ஈயம் பற்றவைக்கிறவன். அவன் பையில் இருந்த சீட்டைப் பார்த்துத்தான் எவோடியோவுக்கு அந்த யோசனை வந்தது. கைவிட்ட காரியங்களுக்கெல்லாம் கதியான புனித யூதா ததேயுவிடம் போய், மூன்றாம் பாகத்தை அறிவித்துவிட்டால் ஒரு வருஷம் வாயை மூடிக்கொள்கிறேன் என்று நேர்ந்துகொண்டான்.

கோயில் அலுவலகத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கும் எடுவிஹெஸ் அம்மாள் முப்பது வருஷமாகக் குடிகாரர்களைப் பார்த்தவர். மது என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு, வீடியோ கேம் பற்றிய குறை என்று எழுதப் போனவர், நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் அவன் பேச்சைக் கேட்டிருக்கிறார். குறை மட்டும் என்றால் இவன் புகழ்கிற மாதிரியே குத்துவான் என்று தோன்றியிருக்க வேண்டும். "வீடியோ கேம் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை, யாரிடமும் பேச மாட்டேன்" என்று எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டு வைத்தார்.

ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிறு மதியம், வருஷாந்திர அறிவிப்பு நிகழ்ச்சி. எவோடியோ நேரலையில் இருந்தான். திரை இருண்டது. அலைச் சத்தம் கேட்டது. கறுப்பு நங்கூரம் ஒன்று மெல்ல இறங்கியது, அதன் கீழே மூன்று என்ற எண். எவோடியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இதுக்குத்தான்யா பதினாலு வருஷமா உசிரோட இருந்தேன்!" என்று கத்தினான். கத்தியபடியே அழுதான். சந்தை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஐந்தாவது நொடி திரையில் ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு போன் வந்தது. கட்டைவிரல் மூன்று சிவப்பு மீன்களை ஒரே வரிசையில் சேர்க்க, மீன்கள் வெடித்து ஒரு பெட்டி திறந்தது. காசு பிடுங்குகிற அதிர்ஷ்டப் பெட்டி. கறுப்பு நங்கூரம் மூன்றாம் பாகம் என்பது போனில் மீன் சேர்க்கிற விளையாட்டு.

எவோடியோ வாயைத் திறந்தான். பக்கத்து பெஞ்சில் இருந்து ஃபிடென்சியோ சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். எவோடியோ கேமராவை அணைத்தான்.

மறுநாள் காலையில் அவன் முதல் ஆளாகக் கோயில் அலுவலகத்தில் நின்றான். இது செல்லாது, இது மூன்றாம் பாகமே இல்லை, மீன் வியாபாரம் என்று வாதாடினான்.

"நீங்க புனிதர்கிட்ட என்ன கேட்டீங்க?" என்றார் எடுவிஹெஸ் அம்மாள்.

"மூணாம் பாகத்தை அறிவிக்கணும்னு கேட்டேம்மா."

"அறிவிச்சாங்களா?"

"அறிவிச்சாங்க. ஆனா..."

"மூணுன்னு போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"அப்புறம் அவர் என்னதான் பாக்கி வெச்சாரு? நல்லா இருக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே."

தேதியை நிரப்பி, முத்திரையை ஓங்கிக் குத்தி, சீட்டை அவன் கையில் கொடுத்தார். பதினாலு வருஷம் விமர்சனம் பேசியவனுக்கு ஒரு வேண்டுதலை ஒழுங்காக வார்த்தை பார்த்துக் கேட்கத் தெரியவில்லை. யாரைக் குறை சொல்ல?

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் பழச்சாற்றுக் கடைக்கும் நாளைக்கு இருபது தடவை நடந்தான். திருகாணியை மாற்றிப் போட்டான், மறுபடி கழற்றினான். வருகிறவர்கள் எல்லாரும் மீன் விளையாட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள். அவன் சீட்டைக் காட்டினான். சில பேர் வேண்டுமென்றே வந்து, "பிரமாதமா இருக்கும் போலிருக்கே அண்ணே" என்று சீண்டிவிட்டுப் போனார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் கொண்டுவந்த பொத்தானைத் துடைத்துக் கொடுத்தான். ராத்திரி தூக்கத்தில் திட்டுகிறான் என்று மனைவி ரொசால்பா அண்ணனிடம் முறையிட்டாள். தூக்கத்தில் திட்டினால் சத்தியம் உடையுமா என்று ஃபிடென்சியோ நிஜமாகவே கோயிலில் போய்க் கேட்டுவிட்டு வந்தான். உடையாதாம்.

செப்டம்பரில் கேம் வெளியானது. எவோடியோ முதல் நாளே அதைப் போனில் ஏற்றிக்கொண்டான். வெறும் ஆத்திரம்தான், வேறென்ன. ஒரு நோட்டு வாங்கி, வருஷம் முடிந்ததும் கிழிகிழியென்று கிழிக்க ஒவ்வொரு அக்கிரமத்தையும் எழுதினான். பத்தாவது கட்டத்தில் காசு கேட்டுக் கெஞ்சும் விளம்பரம். முப்பதாவதில், காசு கொடு அல்லது நாலு மணி நேரம் காத்திரு. ஒவ்வொன்றையும் சாட்சிக்குப் படம் பிடித்து வைத்தான். பெரும்பாலானவர்கள் அந்த முப்பதிலேயே தூக்கி எறிந்துவிட்டார்கள். எவோடியோ எறியவில்லை.

அக்டோபரில் அந்த விளம்பரம் வந்தது. அலைச் சத்தம், நங்கூரம், அடுத்து எவோடியோவின் முகம். கண்ணீரும் கம்பலையுமாக, "இதுக்குத்தான்யா பதினாலு வருஷமா உசிரோட இருந்தேன்!" அந்த ஐந்து நொடியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். நாடு முழுக்க அவன் முகம் மீன் விற்றது. நீங்கள் சொன்னதை நம்பி ஏற்றினேன், இப்படியா ஏமாற்றுவீர்கள் என்று அவனுடைய ஆட்களே எழுதினார்கள். விலை போய்விட்டான் என்று ஒருவன் எழுதினான்.

எவோடியோ கடைக் கதவைப் பாதி இறக்கினான். கேமராவைப் பெஞ்சில் வைத்தான். சீட்டை எடுத்து, கிழிக்கிறதற்கென்றே, முன்னால் வைத்தான்.

ஃபிடென்சியோ எழுந்து வந்தான். தன் சீட்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். அவனுடைய ஒரு வருஷம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அதன் பிறகு புதுச் சீட்டு வாங்குவானா மாட்டானா என்று ரொசால்பா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

"நீ உடை மச்சான்," என்றான் ஃபிடென்சியோ. "உடைச்சு உனக்கு ஒண்ணும் ஆகலைன்னு வெச்சுக்கோ. அப்போ எனக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

மிரட்டலாகக் கேட்டிருந்தால் எவோடியோ சண்டை போட்டிருப்பான். அவன் ஆசையாகக் கேட்டான். எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று முகம் கெஞ்சியது. கேமராவை எடுத்து உள்ளே வைத்தான். இரண்டு பேரும் மாலை வரைக்கும் வேலை செய்தார்கள். மூன்றாம் நாள் ஃபிடென்சியோ புதுச் சீட்டு வாங்கினான்.

மார்ச்சில் ஒரு நாள் காலை, கடையில் ஆள் இல்லாத நேரம், எவோடியோ நானூறாவது கட்டத்தை முடித்தான். காசு கொடுக்காமல் அங்கே போய்ச் சேர ஏழு மாதம் பிடித்திருந்தது. வழக்கம் போலப் பெட்டி திறக்கும், திட்டி எழுதலாம் என்று பேனாவை எடுத்தான். பெட்டி வரவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அலைச் சத்தம் கேட்டது. பழைய துறைமுகம், பழைய கரை. அதில் ஒரு பெண் நின்றிருந்தாள், தலை பாதி நரைத்திருந்தது.

ஒன்றரை நிமிஷம்தான் ஓடியது. முடிந்ததும் நானூற்று ஒன்றாம் கட்டம் வந்து மறுபடி மீன்கள் கொட்டின. திரும்பப் போய்ப் பார்க்க வழியே இல்லை. ஒவ்வொரு அக்கிரமத்தையும் படம் பிடித்தவனுக்கு இதைப் படம் பிடிக்கத் தோன்றவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முழங்கையில் முகத்தைப் புதைத்து அழுதான்.

என்ன ஆச்சு, யாருக்கு என்ன என்று ஃபிடென்சியோ பதறிப்போய்க் கேட்டான். எவோடியோ தலையைத் தூக்கினான். வாய் திறந்தது. பிறகு பையில் இருந்து சீட்டை எடுத்துக் காட்டினான். நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை, யாரிடமும்.

ஏப்ரல் கடைசியில் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆள் இல்லாததால் மே மாதத்தோடு விளையாட்டை மூடுகிறோம். அதுவரை எல்லாப் பெட்டியும் இலவசம், காத்திருக்கவும் வேண்டாம். இலவசம் என்றால் யாரும் ஒரே வாரத்தில் நானூறாவது கட்டத்துக்குப் போய்விடலாம். அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் பதினோராயிரம் பேரும் போய்ப் பார்த்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்தத் துறைமுகம் உலகத்திலேயே இல்லாமல் போகும். அவனைத் தவிர உலகத்தில் இன்னும் பத்துப் பேர் அதைப் பார்த்திருக்கலாம். எங்கும் யாரும் எழுதவில்லை. அவன் தினமும் தேடினான்.

அந்த ஐந்து வாரமும் அவன் உட்காரவில்லை. வேறு போனில் முதலில் இருந்து ஆடிப் படம் பிடித்து வைக்கலாம் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெருத்தெருவாக நடந்தான். வேறு யாரையாவது சொல்ல வைக்கலாமா, சாடை காட்டலாமா என்றெல்லாம் யோசித்தான். எல்லாம் ஏமாற்று வேலை, அது அவனுக்கே தெரியும். மே மாத நடுவில் ஃபிடென்சியோ மகளின் கல்யாணம் வந்தது. மேஜைக்கு மேஜை பாட்டில் சுற்றியது. பெண்ணைப் பெற்றவன் ஒரு வாய் குடிக்காமலா என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். ஃபிடென்சியோ கையில் சிவப்புச் சோடாவைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் எவோடியோவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தடவை பார்த்தான். எவோடியோ தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

ஜூன் முதல் தேதி மதியம் போனில் அந்த நங்கூரத்தைத் தொட்டான். இணைப்பு இல்லை என்று வந்தது.

ஜூன் ஒன்பது. எவோடியோ கோயிலில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து கேமராவை வைத்தான். ஒரு வருஷத்து வசவைக் கேட்கக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அவன் நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தான். நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் செத்துப்போன விளையாட்டைத் திட்டுவது அவனுக்கே சகிக்கவில்லை. நாலாம் பக்கத்தில் குரல் தேய்ந்தது. மதிப்பெண் எத்தனை என்று கேட்டார்கள். அவன் நோட்டை மூடினான். அந்த மார்ச் மாதக் காலையைச் சொன்னான்.

படகு வந்தது என்றான். அண்ணனும் கிழவனாகித்தான் வந்தான் என்றான். "விளக்கு இன்னும் எரியுதான்னு கேக்கறான். அவ சொல்றா, எண்ணெய் என்னைக்கோ தீர்ந்துபோச்சு, நீ வர்ற வரைக்கும் கையை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்னு."

பொய் என்று எழுதினார்கள். அப்படி ஒரு காட்சியே கிடையாது, மறுபடி காசு வாங்கிவிட்டான், ஆதாரம் எங்கே, படம் எங்கே. அறுநூறு மீன் படம் வைத்திருக்கிறவனிடம் இது மட்டும் இல்லையா என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

"போன வருஷம் ஒரு நங்கூரத்தைப் பார்த்துட்டுக் கத்தினேன்," என்றான் எவோடியோ. "உள்ள என்ன இருக்குன்னே பார்க்காம கத்தினேன். அதை நம்பி எல்லாரும் போன்ல ஏத்திக்கிட்டீங்க. இப்போ பார்த்துட்டு வந்து சொல்றேன்யா."

யாரும் நம்பவில்லை. நூறு நூறாக ஆட்கள் கழன்றுகொண்டார்கள். அவன் கேமராவை அணைக்கக் கையை நீட்டினான்.

பக்கத்து பெஞ்சில் பற்றவைக்கும் சத்தம் நின்றிருந்தது. வாழ்க்கையில் ஒரு விளையாட்டும் ஆடாத ஃபிடென்சியோ, கம்பியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ கையை இறக்கினாளா மச்சான்?" என்று கேட்டான்.

"இறக்கிட்டா," என்றான் எவோடியோ.