வார்னிஷில் அடைபட்ட காற்று

போர்டு எழுதுகிறவரின் மனைவி வரைந்த புல்வெளிப் படத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காற்று வீசத் தொடங்கியது. முதலில் காலண்டர் தாள்கள் படபடத்தன, பிறகு கொடியில் கிடந்த துண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு டெய்லர் வந்து பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, இனி மின்விசிறி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். எழுந்துபோய் அதை அணைத்தவர் கணவர்தான். அணைத்த கையோடு அவருக்கு வயிற்றெரிச்சலும் தொடங்கியது.

எரிச்சலில் நியாயம் இருந்தது. எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரையக் கற்றுக்கொள்ள மனிதர் பதினொரு வருடம் உழைத்திருந்தார். அருங்காட்சியகத்தின் மாடியில், என்றோ இறந்துபோன ஒரு மேதையின் புல்வெளி தொங்குகிறது. ஞாயிறு தவறாமல் அதன் முன் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தீற்றலையும் நூல் பிடித்து அளந்து, கடைப் பெயரை எழுதுவதுபோலப் பிசகாமல் இறக்கினார். மேதையின் ஈர வண்ணத்தில் ஒட்டிச் செத்துப்போன ஒரு ஈயைக்கூட ஏதோ நுட்பம் என்று நம்பி, நாற்பது பிரதிகளிலும் கருப்பாக ஒரு புள்ளி வைத்தார். ஒன்றிலும் ஒரு புல்கூட அசையவில்லை. மனைவி கூடப் போனது ஒரே ஒரு ஞாயிறு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, அவர் தட்டில் மிச்சமிருந்த வண்ணத்தைக் கத்தியால் வழித்து ஒரு பழைய பலகையில் அப்பினாள். அவ்வளவுதான்.

"எப்படிப் பண்ணுன?" என்று கேட்டார்.

"அவரு புல்லையா வரைஞ்சிருக்காரு? அது படுத்து எழுந்திரிக்கறதைத்தானே வரைஞ்சிருக்காரு," என்றாள்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வண்ணம் நன்றாகக் காய மாதக்கணக்காகும், அதற்கு முன் வார்னிஷ் அடித்தால் படம் பாழ் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான், பன்னிரண்டாம் நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது, தடிமனாக மூன்று பூச்சு அடித்தார். காற்று நின்றது. வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க நின்றது. மூன்று வாரம் கொடிகளில் துணி காயவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள், அவர் விரல்களின் பிசுக்கைப் பார்த்தாள். "உங்களுக்குப் பொறுக்கல, இல்ல?" என்று கேட்டுவிட்டு, தலையணையோடு அடுத்த அறைக்குப் போனாள். அன்றோடு பேச்சும் நின்றது.

அவள் பேசாத வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. டர்பன்டைனும் பஞ்சுமாக உட்கார்ந்து, அடியில் உள்ள வண்ணம் கரையாமல், விரற்கடை விரற்கடையாக வார்னிஷைக் கழற்றினார். ஒன்பது நாள் ஆயிற்று. கத்தி எங்கே அழுந்தியது, எங்கே சும்மா தொட்டுவிட்டுத் திரும்பியது என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்தது. தெரியத் தெரிய எரிச்சல் கூடியது. காற்று மறுபடி வீசி, தெருவில் எல்லோரும் அப்பாடா என்றபோது அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. அதே எரிச்சலோடு கத்தியை எடுத்து, எதையும் அளக்காமல், ஒரு தரிசு நிலத்தை வரைந்தார்.

அதிலிருந்தும் காற்று வந்தது. ஆனால் அனலாக வந்தது. டெய்லர் இரண்டு அறைகளுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, புல்வெளிப் படம் இருந்த அவள் அறையிலேயே உட்கார்ந்துகொண்டார். தெருக்காரர்களும் அப்படியே. யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதைக் கதவிடுக்கு வழியாகக் கவனிப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

ஒரு நாள் காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டு, தன் படத்தைத் தாண்டி நேராக அவர் அறைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, தரிசு நிலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈரக் கூந்தலை விரித்துவிட்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்தை மறைக்கிறீங்க," என்றாள்.

இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவர் தள்ளி நின்றார். கால் மணி நேரத்தில் தலை காய்ந்துவிட்டது.