ஆயிரத்து இருநூற்றுப் பதினாலாம் எண்

எங்கள் சேந்தன்கரையில் தினமும் காலை ஒன்பதரைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் ஊரை எண்ணும். எண்ணப்பட்டவர்கள் அன்றைக்கு இருப்பார்கள்.

பழைய கம்ப்யூட்டர்தான். முதுகு தள்ளிய டிவிப் பெட்டி ஒன்று, பக்கத்தில் தகரப் பெட்டி ஒன்று. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எண் ஒன்றிலிருந்து ஏறும். ஒவ்வொரு எண்ணும் எங்களில் ஒரு ஆள். அவரவர் எண் தாண்டும்போது அவரவர் நிற்கிற இடத்தில் ஒரு விக்கல் வரும். வயலில் நிற்கிறவர் வயலில் விக்குவார். பள்ளிக்கூடத்து வாத்தியார் சாக்பீசைப் பிடித்தபடி விக்குவார். ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு வந்ததும் பெட்டி ஒரு சின்ன விசில் அடிக்கும். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

ஒரு எண் ஒன்பது நாள் தொடர்ந்து எண்ணப்படாமல் கிடந்தால் அந்த ஆள் இல்லாமல் போவார், எண் காலி என்று ஆகிவிடும். அடுத்துப் பிறக்கிற பிள்ளை அதில் வந்து உட்காரும்.

நான் பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறவன். பெயர் நயினார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் மோட்டாருக்கு என்ன நோவு என்று தெருமுனையில் நின்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரி ஆவுடைத்தங்கம். கம்ப்யூட்டர் வந்த அன்று ஊரே வரிசையில் நின்றது. பால் பொங்கட்டும் என்று அடுப்படியில் நின்றவள் கடைசியாக வந்தாள். அதனால் அவள் எண் ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு. அவளுக்கு முன்னால் நின்ற நான் ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.

ஆயுத பூஜைக்கு மறுநாள் எண்ணிக்கை பதின்மூன்றோடு நின்றது. ஒரு நீள விசில், இரண்டு குட்டை விசில். எனக்கு விக்கல் வந்து அடங்கி நிமிஷம் ஆகியிருக்கும். ஊராட்சிச் செயலர் எஸ்தர் ஜெபமணி வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு குறையுது."

"கடைசியா?"

"கடைசிதான்."

"அது எங்க வீட்டு ஆளும்மா."

"தெரியும். அதான் யாருகிட்டயும் சொல்லாம முதல்ல உங்களைக் கூப்பிட்டேன்."

அந்தப் பண்புக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். ஆவுடைத்தங்கம் இருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் வளையல் ஆடியது, சத்தம்தான் இல்லை. எண்ணப்படாதவர்களிடமிருந்து முதலில் போவது சத்தம். பசியும் இருக்காது. மூன்றாம் நாள் அவள் பாத்திரத்தைக் கீழே போட்டாள், அது பஞ்சு மூட்டை மாதிரி விழுந்தது. டவுன் பஸ் அவளைத் தாண்டிப் போய் நின்றது. ஐந்தாம் நாள் அவள் பேச்சில் பாதிதான் வந்தது.

"இத்தனை வருஷமா வாயை மூடு வாயை மூடுன்னு சொன்னீங்களே, இப்பக் குளுந்துச்சா?" என்றாள். பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"குளுரலை, ஏளா," என்றேன். "முழுசாத் திட்டு, கேட்டுக்கிடுதேன்."

ஊரில் யாரும் சும்மா இருக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பெட்டிக்குள் இருந்த தூசியை ஊதித் தள்ளினார். ஒரு பல்லி வந்தது, இரண்டு பொரி வந்தது. கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர் உள்ளே இருக்கிற வட்ட பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். அது முக்கியம். போன வருஷம் அந்த பேட்டரி செத்தபோது ஊருக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு லீவு போட்டார்கள்.

எஸ்தரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரண்டு வயர் சரி. திரைக்குப் போகிற வயர் சரி. விசைப்பலகையைப் பிடுங்கி மாட்டினார். தினமும் ஒன்பதரைக்கு எண் ஏறும், பதின்மூன்றில் நிற்கும், ஒரு நீளம், இரண்டு குட்டை.

டீக்கடைப் பிச்சுமணி மட்டும் வேறு யோசனை சொன்னான். "வே, நீரு கொஞ்சம் வெளியூருக்குப் போயிருமேன். நீரு பதின்மூணு. ஆளில்லைன்னு உம்மைத் தாண்டிப் பதினாலுக்குப் போயிராதா?"

"போயிட்டு வந்தா நான் இருப்பேனா?"

"அது உம்ம பாடு. மதினி இருப்பாக. எனக்கு அவுக வச்ச புளிக்குழம்புதான் முக்கியம்."

மேலத்தெரு மகிழ்வதனிக்கு நிறைமாதம். காலி எண் எதுவானாலும் அது அவள் பிள்ளைக்குத்தான். ஏழாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் படியேறி வந்தாள்.

"மாமா, நான் இவன்கிட்டச் சொல்லிவச்சிருக்கேன். அத்தை எண்ணுல வந்து உட்காரக் கூடாது, உள்ளயே இருன்னு. காலை உதைக்கான். ஆனாலும் கேட்டுக்கிட்டான்."

பெஞ்சைத் துடைத்து அவளை உட்காரவைத்தேன்.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஆவுடைத்தங்கம் பேசியதில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். 'மோட்டாருக்கு நேரமாச்சு' என்றாள். நான் மோட்டாருக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்குப் போய் எஸ்தரம்மாவிடம், "இன்னைக்கு எண்ணும்போது நான் பெட்டி மேல காதை வச்சுக்கிடுதேன்," என்றேன்.

"ஷாக் அடிக்காமப் பாத்துக்கோங்க."

தகரத்தில் காதை வைத்தேன். சுவிட்சைப் போட்டார். உள்ளே காற்றாடி சுற்றியது, அது மோட்டார்தான், எனக்குத் தெரிந்த சத்தம். வட்டு சுழன்றது. பிறகு எண்கள் ஏறுவது கேட்டது. சிறு மணியைத் தட்டித் தட்டிப் போகிற மாதிரி ஒரே சீராக. என் எண்ணில் நான் விக்கினேன். அடுத்ததற்கும் மணி தட்டியது. ஆனால் அது சப்பென்று இருந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி.

"அம்மா, எண்ண வருது. வாயில என்னமோ இருக்கு."

கரண்டை அணைத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றினோம். உள்ளே சீப்பு மாதிரி நாலு சின்னப் பலகை செருகியிருக்கும். அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை. எங்கள் ஞாபகம் முழுக்க அதில்தான். எஸ்தரம்மா நாலாவது சீப்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவி வெளிச்சத்தில் காட்டினார். கடைசிப் பல்லில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

"அண்ணாச்சி, இது யாரு வச்சது?"

ஆயுத பூஜை அன்று மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் பொட்டு வைத்த கையோடு இங்கேயும் வந்திருந்தேன். வெளியில் மட்டும் வைத்தால் மரியாதை தகரத்தோடு நின்றுவிடுமே என்று உள்ளே திறந்தும் வைத்தேன். கடைசிப் பல்தான் என் வீட்டுக்காரி என்று தெரியும். அதனால் அங்கே கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

"நான்தாம்மா," என்றேன்.

எஸ்தரம்மா கோபப்படவில்லை. "ஆசையாத்தான் வச்சிருக்கீங்க. நெத்தி எதுன்னு தெரியாமப் பல்லுல வச்சுட்டீங்க," என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பர் வாங்கி வந்தேன். அவர் பல் பல்லாகத் தேய்த்தார். துணியால் துடைத்துத் திரும்பச் செருகினார். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்டது.

"நல்லா உக்காந்துட்டு," என்றேன். சுவிட்சைப் போட்டார்.

ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. நான் விக்கினேன். பதினாலு.

மூன்று தெரு தள்ளி என் வீட்டிலிருந்து ஒரு விக்கல் கேட்டது. அடுத்து ஒரு பித்தளைக் குடம் உருண்டது. அதற்கடுத்து, "எட்டு நாளா ஒரு மனுசன் வீட்டைப் பெருக்கியிருக்காரா பாரு!" என்று என் ஆவுடைத்தங்கத்தின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. அன்றும் வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகிழ்வதனி வயிற்றைத் தட்டி, "கேட்டியா, அத்தை," என்றாள்.

எண் நிற்கவில்லை. ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து வந்தது. தகரப் பெட்டி ஒருமுறை விக்கியது. பிறகுதான் சின்ன விசில்.

எஸ்தரம்மா நோட்டை எடுத்துப் பதினைந்துக்கு நேரே 'கம்ப்யூட்டர்' என்று எழுதிக்கொண்டார்.

ஆவுடைத்தங்கம் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து சேர்ந்தாள். வளையல் சலசலத்தது. எஸ்தரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகிழ்வதனியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பிறகு பெட்டியின் முதுகைத் தொட்டவள் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"கொதிக்குதே! எட்டு நாளா என்னையத் தேடித் தேடி உடம்புல சூடு ஏறிப்போச்சு, பாவம். எண்ணெய் தேச்சுக் குளிச்சாத்தான் அடங்கும்." எஸ்தரம்மாவைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையா புதன்கிழமையான்னு கேளுங்கம்மா. பெண்ணுன்னா வெள்ளி, ஆணுன்னா புதன். மாத்தித் தேச்சிரக் கூடாது."

எஸ்தரம்மா விசைப்பலகையில் தட்டிக் கேட்டார். கறுப்புத் திரையில் 'புதன்' என்று வந்தது.

"அப்ப நாளைக்கே," என்று ஆவுடைத்தங்கம் நல்லெண்ணெயில் ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சப் போனாள். சீயக்காய் இடிக்க வேண்டியது என் பொறுப்பு என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னாள்.

மறுநாள் எண்ணிக்கை பதினொன்றரைக்குத்தான் நடந்தது. தலை காய வேண்டுமே.