எரிந்த சரிவு

மண் பாதை முடியும் இடத்தில் பதினோரு வண்டிகள் நின்றன. நோரீன் எஞ்சினை அணைக்காமலே எண்ணினாள். நாலு வண்டியில் வெளி மாநில எண் பலகை. ஒருவன் கூடாரத்து வாசலில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தான்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். கோடை விடுமுறை முழுக்க ஐடஹோ மாநில மலைகளில் தனியாக ஏறி இறங்கித்தான் வேட்டைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வரைபடத்தில் ஏழு பள்ளத்தாக்குகள். ஒன்றில் தண்ணீர் இல்லை. ஒன்றை ஆட்டு மந்தை மொட்டையடித்திருந்தது. இப்படி ஆறைக் கழித்த பிறகு, ஏழாவதில் எல்க் மான்கள் புரண்ட சேற்றுக்குட்டையும், கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரங்களும் கிடைத்தன. தம்பி டெல்மரிடம் மட்டும் சொன்னாள். ஆகஸ்டில் ஒருநாள் கூட்டிவந்தும் காட்டினாள்.

"யார்கிட்டடா சொன்ன?"

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லலக்கா." டெல்மர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வேட்டைக்காரங்க குரூப்புல ஒரு போட்டோதான் போட்டேன். எடத்துப் பேர்கூடப் போடல."

"பின்னாடி அந்த ரெட்டைப் பாறை தெரியுமேடா! கைக்கொழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்!"

"லைக் நெறைய வந்துச்சுக்கா..."

"அந்த லைக்க வறுத்துத் தின்னு."

அவன் மெல்ல ஆரம்பித்தான். "வந்தது வந்துட்டோம். இவங்களத் தாண்டி ரெண்டு மைல் உள்ள போயிடலாமே."

"பதினோரு வண்டிக்காரனும் அதைத்தான் நெனச்சு வந்திருப்பான்."

நோரீன் இறங்கி வண்டியின் முன்மூடிமேல் வரைபடத்தை விரித்தாள். விடிந்தால் இந்தக் கூட்டம் உள்ளே நுழையும். மான்கள் அங்கே நிற்காது. கிழக்கே வெட்டவெளி, மேற்கே சாலை. அவை தப்பி ஓட மிச்சம் வடக்கு முகடுதான். அதற்கப்பால் காட்டுத்தீயில் எரிந்த சரிவு. கருகிய மரங்கள் தாறுமாறாக விழுந்து கிடக்கும், குதிரைகூட நுழையாது. ஜூன் மாதம் வேண்டாமென்று அவளே வரைபடத்தில் கோடு போட்டுத் தள்ளிய இடம்.

"இங்கதான் போறோம்."

"பைத்தியமா உனக்கு? அங்க அடிச்சா எப்படி வெளிய கொண்டாறது?"

"உன் முதுகுலதான்."

இரண்டு மைலுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. கட்டைகளைத் தாண்டித் தாண்டி டெல்மரின் முழங்கால் சிராய்ந்தது. நெருப்பு மூட்டாமல் ஆறிப்போன பீன்ஸைத் தின்றார்கள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் முகட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று வெடிச்சத்தம் கேட்டது. அரை மணியில் பெண் மான்கள் முகடு ஏறி வந்தன. பின்னால் ஒரு கிடா மான், நாக்குத் தொங்க, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. நோரீன் ஒரே ஒரு குண்டுதான் சுட்டாள்.

விழுந்த கிடாவின் கழுத்தில் கை வைத்தாள். ஈரமாகக் கொதித்தது. நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும்போது பார்க்கவேண்டிய உயிர், பயந்து ஓடிவந்து அவள் முன்னால் செத்திருக்கிறது. சந்தோஷம் வரவில்லை.

டெல்மரின் கை சட்டைப்பைக்குப் போனது.

"போன் வெளிய வந்துச்சு, கொடலோட சேத்துப் பொதைச்சிடுவேன்."

இறைச்சியை வெளியே கொண்டுவர இரண்டு நாள் ஆனது. கடைசி நடையில் டெல்மர் சுமையோடு சரிந்து ஒரு கட்டைமேல் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுக்கா."

நோரீன் சுமையைத் தூக்கி அவன் தோளில் மறுபடி மாட்டினாள். வாரை இறுக்கிக் கட்டினாள்.

"கறி பாதி உனக்கு. அடுத்த வருஷம் எடத்த நீயே தேடிக்க."

"நெசமாவா சொல்ற?"

"நட. வெயில் ஏறுது, கறி கெட்டுடும்."

அவன் நடந்தான். தடுமாறியபோதெல்லாம் பின்னாலிருந்து சுமையைத் தாங்கிப் பிடித்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.