மொக்கையனின் நாக்கு

தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்த நாளெல்லாம் மொக்கையன் சாயங்காலம் சாப்பிட்டு வாந்தி எடுப்பான். பழி முழுக்கப் பெண்டாட்டி சின்னத்தாயின் குழம்புக்கு. பதினோரு வருசமாக அவளும் புளியைக் குறைத்தாள், மிளகாயைக் குறைத்தாள். குழம்பு வெந்நீராகிவிட்டது, வாந்தி மட்டும் நிற்கவில்லை. இனிமேல் பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் அக்கா மூக்கம்மாளிடம்தான் சாப்பாடு என்று நேற்று முடிவாகச் சொல்லிவிட்டான். நாத்தனார் எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாளே என்று சின்னத்தாய்க்கு வயிறு எரிந்தது.

இன்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பாடம். மருந்தடிக்கிறவர்களைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தாள் ஆஸ்பத்திரி நர்சு பிலோமி.

"நான் பேசப் போறதில்லண்ணே. நீங்க தெனமும் செய்றத அப்படியே செஞ்சு காட்டுங்க. மருந்து எங்கெங்க படுதுன்னு எல்லாருமாச் சேந்து பாப்போம்."

மருந்துக்குப் பதில் பம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினாள். சிவப்புச் சாயம் வாங்கத்தான் நினைத்தாளாம். வெற்றிலை போடாத வாய் இந்த எஸ்டேட்டில் ஏது என்று யாரோ சொன்னதும் மாற்றிக்கொண்டாள்.

மொக்கையன் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தான். "இருவது வருசமா அடிக்கேன். எம்மேல ஒரு சொட்டு பட்டதில்ல, எழுதிக்கிடுங்க."

களத்தை ஒட்டி இரண்டு வரிசைத் தேயிலை முடிவதற்குள் நீலம் அடைத்துக்கொண்டது. அவன் யோசிக்கவே இல்லை. குழாய் முனையைக் கழற்றினான், வாயில் வைத்து ஊதினான், மாட்டினான், அடித்தான். பார்த்தவர்களுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எல்லாரும் அப்படித்தான் ஊதுவார்கள்.

மற்றவர்களும் அடித்து முடித்த பிறகு ஒருவரையொருவர் சோதித்தார்கள். குருசாமிக்குக் காது நீலம், பெரியமுத்துவுக்கு மடியில் இருந்த வெற்றிலை நீலம். மொக்கையன் இரண்டு கையையும் விரித்து, "பாத்தீகளா?" என்று சிரித்தான். உதடு, பல், நாக்கு அத்தனையும் நீலம். களமே சிரித்தது. மூக்கம்மாள்தான் எல்லாருக்கும் முந்தி.

சின்னத்தாய் எழுந்தாள். நாலு பேர் முன்னால் கேட்பதற்கு அவளிடம் பதினோரு வருசப் பேச்சு இருந்தது. கிட்டப் போய் நாக்கைப் பார்த்தாள். இந்த மனுசன் இத்தனை நாளும் விசத்தையல்லவா தின்றிருக்கிறான்! அழுதுகொண்டே அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"கொப்பளிங்க. இன்னும் கொப்பளிங்க."

எட்டு வாய் கொப்பளித்தும் தண்ணீர் நீலமாகவே விழுந்தது. மொக்கையன் தலை நிமிராமல் மூக்கம்மாளிடம், "அக்கா, எனக்குச் சோறு ஆக்க வேண்டாம்" என்றான்.

சின்னத்தாய் மூக்கைச் சிந்திவிட்டு, களம் கூட்டும் விளக்குமாற்றை எடுத்தாள். அதிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பம்பின் வாரில் கயிறு போட்டுக் கட்டினாள்.

"அடைச்சா இதால குத்துங்க. இனிமே வாய வச்சீகன்னா, மிச்ச வெளக்குமாறு எங்கையில இருக்கு."